சமையல் ஆப்பிள்: வீட்டுத் தோட்டத்துக்கு ரகம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சமையல் ஆப்பிள் நட ஆசைப்படுகிறவர்களில் பலர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். பேர் பெற்ற ஒரு ரகத்தை மனதில் வைத்துக்கொண்டு கன்றை வாங்கி வந்துவிட்டு, அப்புறம்தான் அதற்கு இடம் தேடுகிறார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் மரம் வேலியைத் தாண்டி வளர்ந்திருக்கும், பூவும் கொட்டும், காய் மட்டும் பிடிக்காது. மண்ணையும் உரத்தையும் குறை சொல்வார்கள். ஆனால் பிசகு நடந்தது ரகத்தை முடிவு செய்த நாளில்.

ரகத்தின் பெயர் கடைசியாக வரட்டும். அதற்கு முன் சமையல், குளிர், மகரந்தம், இடம், சேமிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நடப்போகும் இடத்தின் நீள அகலம். அங்கே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது. குளிர்காலத்தில் உங்கள் பகுதியின் வெப்பநிலை எவ்வளவு நாள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்கிறது. வசந்த காலத்தில் உறைபனி கடைசியாக எப்போது விழும். சுற்றுவட்டாரத்தில் ஆப்பிள் மரமோ காட்டு ஆப்பிள் மரமோ இருக்கிறதா, இருந்தால் எப்போது பூக்கிறது.

கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் தெரிந்தால் ஒரு மரத்தின் செலவும் இடமும் மிச்சமாகலாம்.

இன்னொன்று: பழைய ஆப்பிள் மரம் பட்டுப்போன அதே குழியில் புது ஆப்பிளை நட நினைக்காதீர்கள். அந்த மண்ணில் சேர்ந்திருக்கும் கிருமிகள் இளம் வேரை அடக்கிவிடும். கன்று வருடக்கணக்கில் வளராமல் நிற்கும்.

## 1. முதலில் அடுப்பைப் பாருங்கள்

வேகும்போது ஆப்பிள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று, சூடு பட்டதும் குழைந்து நுரைத்துக் கூழாகும். மற்றது, மெத்தென்று வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். சாஸ், கூழ் செய்ய முதல் வகை வேண்டும். மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பை, டார்ட் போன்ற பண்டங்களுக்கும், வில்லை வில்லையாக அடுக்கி வேகவைப்பதற்கும் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் சரி.

பிராம்லி, கிரெனடியர், ரெவரெண்ட் டபிள்யூ வில்க்ஸ் மூன்றும் நன்றாகக் குழைபவை. கோல்டன் நோபிள் குழைந்து பொன்னிறக் கூழாகும். ஆனி எலிசபெத், நார்தர்ன் ஸ்பை, கால்வில் பிளாங்க் டிவேர், கிரானி ஸ்மித் ஆகியவை ஓரளவோ நன்றாகவோ உருக்குலையாமல் நிற்பவை.

புளிப்பாக இருந்தால் குழையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கிரானி ஸ்மித் நல்ல புளிப்பு, ஆனால் துண்டு கலையாது. புளிப்பையும் பதத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். புளிப்பு எதற்கு என்றால், சர்க்கரை சேர்த்து வேகவைத்த பிறகும் ஆப்பிளின் ருசி நாக்கில் நிற்பதற்கு. தின்பதற்கென்று உள்ள இனிப்பு ரகத்தை வேகவைத்தால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும்.

ஜெல்லிதான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் பெரிய பழ ரகமே வேண்டாம். காட்டு ஆப்பிளில் சாற்றைக் கெட்டியாக்கும் பெக்டின் அதிகம், ஜெல்லி நன்றாக உறையும். அதே மரம் மகரந்தத்துக்கும் உதவும். இது படி 4-ல் மறுபடி வரும்.

## 2. நடும் முன் வேகவைத்துப் பாருங்கள்

பட்டியலில் எழுதியிருப்பதை நம்பி இருபது முப்பது வருட மரத்தை நடுவது சரியில்லை. அறுவடைக் காலத்தில் ஆசைப்படும் ரகங்களில் இரண்டிரண்டு பழமாவது எங்கிருந்தாவது வாங்குங்கள், அல்லது வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே அளவாக, சுமார் 2 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு ரகத்தையும் தனிச் சிறு பாத்திரத்தில் போட்டு ஒரு தேக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு மூடி, சிறு தீயில் வையுங்கள். சர்க்கரை போடாதீர்கள். துண்டுகள் கெட்டிப்பட்டு, எந்த ரகம் எப்படி வேகிறது என்பது தெளிவாகத் தெரியாமல் போய்விடும்.

சில நிமிடங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குழையும் ரகத்தில் முதலில் துண்டின் முனைகள் மழுங்கும், பிறகு ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டும், கரண்டி படும் முன்பே துண்டு உட்கார்ந்துவிடும். நிற்கும் ரகத்தில் துண்டு கண்ணாடி போலத் தெளியும், கத்தி சிரமமில்லாமல் இறங்கும், ஆனால் முனை கூர்மையாகவே இருக்கும். இப்போது சர்க்கரை இல்லாமலே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். முகம் சுளிக்க வைக்கும் புளிப்பு இருந்தால் அதுதான் சமையலுக்கு ஏற்ற பழம்.

சேமிப்பில் இருந்து வந்த பழம் என்றால் கவனமாக இருங்கள். வைத்திருக்க வைத்திருக்கப் புளிப்பு குறையும். இலையுதிர் காலத்தில் பறித்த பிராம்லியும் குளிர்கால முடிவில் எடுத்த பிராம்லியும் ருசியில் ஒன்றல்ல. ஒப்பிடும் பழங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பறித்தவையாக இருக்கட்டும்.

## 3. குளிர் போதுமா என்று கணக்குப் பாருங்கள்

குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் ஆப்பிள் மரம், போதுமான குளிரை வாங்கிய பிறகுதான் ஒழுங்காக மொட்டு விடும். 7 டிகிரிக்குக் கீழே இருந்த மணி நேரங்களைக் கூட்டி இதை அளப்பது வழக்கம். மேலே சொன்ன பழைய சமையல் ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 800 மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும்.

குளிர் போதாத இடத்தில் மரம் சாகாது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இலை தாமதமாக வரும், கிளை நுனியில் மட்டும் கொத்தாகத் தழைக்கும், நடுக்கிளை மொட்டையாக நிற்கும். பூவும் ஒரே சமயத்தில் வராமல் வாரக்கணக்கில் ஒன்றிரண்டாக வரும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

குளிர்காலம் மிதமான இடங்களில் அன்னா, டார்செட் கோல்டன், ஐன் ஷெமர் போன்ற ரகங்களைப் பாருங்கள். அன்னாவுக்கும் டார்செட் கோல்டனுக்கும் சுமார் 200 முதல் 300 மணி நேரக் குளிரே போதும். இவை சமையலுக்கென்று பிறந்தவை அல்ல. ஆனால் முழுதாகப் பழுக்கும் முன், பச்சை மாறாத பருவத்தில் பறித்தால் புளிப்பு இருக்கும், சமையலுக்கு உதவும். பிராம்லியை இங்கே நட்டு அடம்பிடிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கிரானி ஸ்மித் பழுக்க நீண்ட, வெப்பமான பருவம் வேண்டும். கோடை குறுகிய இடத்தில் பழம் பக்குவத்துக்கு வருவதற்குள் குளிர் வந்துவிடும்.

வசந்தத்தில் தாமதமாக உறைபனி விழும் இடமா? விரிந்த ஆப்பிள் பூ சுமார் மைனஸ் 2 டிகிரியிலேயே கருகத் தொடங்கும். அங்கே முன்னதாகப் பூக்கும் ரகம் வேண்டாம். எட்வர்ட் செவன்த், நியூட்டன் வொண்டர் போல் பின்னால் பூப்பவை தப்பிக்கும். தோட்டத்தின் தாழ்வான மூலையில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும் என்பதால், சரிவு இருந்தால் மேட்டுப் பக்கத்தில் நடுங்கள்.

## 4. மகரந்தத்துக்கு யார் துணை?

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆப்பிள் மரம் பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். இங்கே வேறு மரம் என்று சொல்லவில்லை, வேறு ரகம் என்கிறேன். ஒரே ரகத்தில் இரண்டு கன்று வாங்கி ஜோடி சேர்த்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. ஒட்டு மூலம் பெருக்கிய கன்றுகள் எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவாது. நிறம் மட்டும் மாறிப் பிறந்த கிரிம்சன் பிராம்லியும் பிராம்லிக்குத் துணையாகாது.

துணை ரகம் அதே சமயத்தில் பூக்கவும் வேண்டும். பிரிட்டிஷ் நர்சரிப் பட்டியல்களில் இதற்கென்று எண் கொடுத்திருப்பார்கள். ரெவரெண்ட் டபிள்யூ வில்க்ஸ் 2. பிராம்லி, கிரெனடியர், ஆர்தர் டர்னர், ஜேம்ஸ் க்ரீவ் ஆகியவை 3. ஹௌகேட் வொண்டர், கோல்டன் நோபிள், ஆனி எலிசபெத் ஆகியவை 4. நியூட்டன் வொண்டர் 5. எட்வர்ட் செவன்த் 6. ஒரே எண்ணோ பக்கத்து எண்ணோ இருந்தால் சேரும். சில நர்சரிகள் ஏ, பி, சி என்று எழுத்து போடும், சிலர் எண்களை வேறு அளவில் பிரிப்பார்கள். அதனால் இரண்டு ரகத்தையும் ஒரே பட்டியலில் வைத்தே ஒப்பிடுங்கள்.

அடுத்த சிக்கல் மும்மடி ரகங்கள். சாதாரண ஆப்பிளில் 34 குரோமோசோம்கள், மும்மடி ரகத்தில் 51. மூன்று தொகுதியைச் சமமாகப் பிரிக்க முடியாததால் இவற்றின் மகரந்தம் பெரும்பாலும் உதவாது. பிராம்லி, பிளென்ஹைம் ஆரஞ்ச், பெல்லே டி பாஸ்கூப், கிராவென்ஸ்டைன், ரோட் ஐலண்ட் கிரீனிங் எல்லாம் இந்த வகை. இவை வாங்கும், கொடுக்காது.

பிராம்லியோடு ஒரே ஒரு துணை மரம் வைத்தால் பிராம்லி காய்க்கும், துணை மரம் வெறுமனே நிற்கும். எனவே இரண்டு துணை வேண்டும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும். பிராம்லி, கிரெனடியர், ஜேம்ஸ் க்ரீவ் என்று மூன்றையும் நட்டால் கணக்கு நேராகும். மூன்று மரத்துக்கு இடமில்லாதவர் பிராம்லி ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் சிறு தோட்டத்தில் முதல் மரமாக மும்மடி ரகத்தையே வைக்க வேண்டாம் என்பேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சுமார் 15 மீட்டருக்குள், அடுத்த வீட்டிலோ தெருவிலோ ஒத்த காலத்தில் பூக்கும் ஆப்பிளோ காட்டு ஆப்பிளோ இருந்தால் உங்கள் துணை அங்கேயே கிடைத்துவிட்டது. தேனீக்கு வேலி கிடையாது. ஜான் டவுனி, கோல்டன் ஹார்னெட் போன்ற காட்டு ஆப்பிள்கள் நீண்ட நாள் பூப்பதால் பல ரகங்களுக்குத் துணையாகும்.

தன்மகரந்த ரகம் என்று எழுதியிருந்தால்? நம்பலாம், ஆனால் துணை இருந்தால் அதுவும் கூடுதலாகக் காய்க்கும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே தேனீக்கள் அவ்வளவாக வெளியே வருவதில்லை. பூக்கும் வாரம் குளிராகப் போனால் துணை மரம் பக்கத்தில் இருப்பது இன்னும் முக்கியம்.

## 5. மரத்தின் உயரத்தை அடிச்செடியில் முடிவு செய்யுங்கள்

மரம் எவ்வளவு உயரும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது ஒட்டுக்குக் கீழே இருக்கும் அடிச்செடி. பரவலாகக் கிடைப்பவை இவை:

- எம் 27: சுமார் 1.2 முதல் 1.8 மீட்டர். நல்ல மண்ணும் நிரந்தர ஊன்றுகோலும் வேண்டும்.
- எம் 9: சுமார் 1.8 முதல் 3 மீட்டர். சீக்கிரம் காய்க்கும். வேர் பலம் குறைவு, ஊன்றுகோல் எப்போதும் வேண்டும்.
- எம் 26: சுமார் 2.4 முதல் 3.5 மீட்டர். தொட்டிக்கும் ஏற்றது.
- எம்எம் 106: சுமார் 3 முதல் 4.5 மீட்டர். நடுத்தர மண்ணிலும் சமாளிக்கும், ஆனால் தண்ணீர் தேங்கும் மண் ஆகாது.
- எம் 25: 4.5 மீட்டருக்கு மேல். பெரிய தோப்புக்கு உரியது.

இந்த உயரங்கள் நடுத்தர வீரியமுள்ள ரகத்துக்கு. பிராம்லி போல வெறியோடு வளரும் ரகத்தை ஒட்டினால் ஒரு படி பெரிதாக எதிர்பாருங்கள். நாலு மீட்டர் இடத்தில் பிராம்லியை எம்எம் 106 மேல் வைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மரம் பெரிதானதும் வருடா வருடம் கடுமையாக வெட்டுவார்கள், அது கோபத்தில் இன்னும் நீளமான தளிர்களை விடும், காய்க்கும் மொட்டு வராது. கவாத்து செய்து மரத்தைக் குள்ளமாக்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். குள்ளம் வேண்டுமானால் அடிச்செடியிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 45 முதல் 50 செ.மீ. அகலத் தொட்டி எடுங்கள். எம் 27 தொட்டியில் மிகவும் திணறும். எம் 26 நிதானமாக நிற்கும்.

## 6. எப்போது வேண்டும், எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

ஒரே மரம் ஒரே சமயத்தில் கூடை கூடையாகக் கொடுக்கும். அத்தனையையும் அந்த வாரமே சமைக்க முடியாது.

கிரெனடியர் கோடை முடிவிலேயே வந்துவிடும், ஆனால் வைத்தால் நிற்காது. பறித்ததும் சமைத்துக் கூழாக உறையவைக்க வேண்டியதுதான். ஆர்தர் டர்னர் அதற்கு அடுத்து. பிராம்லி, நியூட்டன் வொண்டர், ஆனி எலிசபெத் இலையுதிர் காலத்தில் பறித்து, குளிர்ந்த இடத்தில் வைத்தால் வசந்தம் தொடங்கும் வரைகூடத் தாங்கும். நியூட்டன் வொண்டர் வைக்க வைக்க இனித்து, கடைசியில் அப்படியே கடித்துத் தின்னும் பழமாகிவிடும்.

உறைபனிப் படாத, குளிர்ந்த, இருட்டான அறையோ கொட்டகையோ இல்லாதவருக்கு நீண்ட நாள் நிற்கும் ரகத்தால் பெரிய லாபமில்லை. அவர் ஒரு முன்பருவ ரகமும் ஒரு நடுப்பருவ ரகமும் வைத்து உறைபெட்டியை நம்புவது நல்லது.

## 7. நோயும் காய்ப்புப் பழக்கமும்

மழையும் ஈரமும் அதிகமுள்ள இடத்தில் சொறி நோய்தான் முதல் எதிரி. இலையிலும் பழத்திலும் கரும்புள்ளி விழும். கிரெனடியர் இதை நன்றாகத் தாங்கும். லேன்ஸ் பிரின்ஸ் ஆல்பர்ட் மரம் அடக்கமானது, சின்ன இடத்துக்குக் கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் தண்ணீர் தேங்கும் மண்ணில் பட்டையை அரிக்கும் கிளைப்புற்று நோய் பிடிக்கும். வாங்கும் முன் வடிகாலைப் பாருங்கள்.

பிராம்லி போன்ற பெரிய பழ ரகங்களில் தோலுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிச் சதை கசக்கும். இது கிருமி இல்லை. பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது, தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்தால் மோசமாகும். ஒழுங்காகத் தண்ணீர் ஊற்ற முடியாதவர் பிரம்மாண்டப் பழம் தரும் ரகங்களைத் தவிர்ப்பது நல்லது.

ரெவரெண்ட் டபிள்யூ வில்க்ஸ் ஒரு வருடம் குவிக்கும், அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். காய் பிடித்த வருடத்தில், இயற்கையாகப் பிஞ்சு உதிர்ந்து முடிந்ததும் மிச்சத்தைக் கலைத்து 15 முதல் 20 செ.மீ.க்கு ஒரு காய் விட்டால் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் அடங்கும். பிஞ்சைக் கிள்ள மனசு வராதவர்கள் வேறு ரகம் பாருங்கள்.

சுவரோரமாகத் தட்டையாகப் படரவிடும் எண்ணம் இருந்தால், குட்டைக் குச்சிகளில் காய்க்கும் ரகம் வேண்டும். பிராம்லி ஓரளவு கிளை நுனியிலும் காய்க்கும். தட்டையாக வெட்டும்போது அந்த நுனிகள்தான் முதலில் போகும்.

## 8. இப்போது பெயர்களைப் பொருத்துங்கள்

நல்ல குளிர் உள்ள இடம், இரண்டு மரத்துக்கு இடம், கூழும் சாஸும்தான் வேண்டும்: கிரெனடியரும் கோல்டன் நோபிளும். எண் 3-ம் 4-ம் சேரும், பருவமும் முன்பின்னாக வரும்.

குழைவதும் வேண்டும், உருவம் நிற்பதும் வேண்டும்: ஆர்தர் டர்னரோடு ஆனி எலிசபெத்.

ஒரு மரம்தான் சமையலுக்கு, இன்னொன்று அப்படியே தின்பதற்கு வேண்டும்: ஹௌகேட் வொண்டரும் ஜேம்ஸ் க்ரீவும். ஹௌகேட் வொண்டர் பிராம்லி அளவு புளிக்காது. ஜேம்ஸ் க்ரீவை முன்னதாகப் பறித்தால் சமைக்கலாம், மரத்தில் விட்டால் தின்னலாம். சிறு தோட்டத்துக்கு என் முதல் சிபாரிசு இந்த ஜோடிதான்.

குளிர் குறைந்த இடம்: அன்னாவும் டார்செட் கோல்டனும்.

## 9. கன்று வாங்கும்போது

விதையிலிருந்து முளைத்த கன்று வேண்டவே வேண்டாம். பிராம்லி விதையில் பிராம்லி வராது. ஒட்டுக்கன்றில் ரகத்தின் பெயர், அடிச்செடியின் பெயர் இரண்டும் சீட்டில் இருக்க வேண்டும். ‘குள்ள ரகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த அடிச்செடி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

இலை உதிர்ந்து உறங்கும் பருவத்தில் மண் இல்லாத வேர்க்கன்றாக வாங்கினால் ரகத் தேர்வு அதிகம். நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே நிற்கட்டும். அது புதைந்தால் மேல்ரகமே வேர்விட்டுக்கொள்ளும். குள்ளமாக்கும் அடிச்செடிக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண். முதல் வருடம் பிடிக்கும் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள், வேர் பிடிக்கட்டும்.

## 10. நட்டபின் ரகம் சரிவரவில்லை என்றால்

மரத்தை வெட்டிப் போடாதீர்கள். மரம் ஆரோக்கியமாக இருந்தால் அதன் மேலேயே வேறு ரகத்தை ஒட்டலாம். குளிர்காலத்தில், உறங்கும் கிளையிலிருந்து பென்சில் தடிமனுள்ள ஒரு வயதுக் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, வசந்தத்தில் மரம் விழிக்கும்போது ஒட்ட வேண்டும். எல்லாக் கிளையையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டாம். பழைய கிளைகளில் சிலவற்றை விட்டுவைத்தால்தான் வேருக்கு உணவு தொடர்ந்து போகும்.

சிக்கல் மகரந்தத்தில் மட்டும் என்றால் இன்னும் எளிது. துணை ரகத்தில் ஒரே ஒரு கிளையை ஒட்டினால் போதும், தனி மரம் தேவையில்லை. அது பூக்கும் வரை, வேறு ரகத்தின் பூத்த கிளைகளை வாளித் தண்ணீரில் வைத்து மரத்தடியில் வைக்கலாம், அல்லது கிளையில் தொங்கவிடலாம்.

ஒட்டிய கிளையில் வெயிலில் வெளுக்காத ஒரு பட்டையைத் தளர்வாகக் கட்டி வையுங்கள். அடையாளம் இல்லாவிட்டால், அடுத்த கவாத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கிளையாகத்தான் இருக்கும்.